உலகை அறியாதார் ஊரைக் காக்கமாட்டார்

க.பொ.த. உயர்தரப் பரீட்சையின் பெறுபேறுகள் வெளியாகும் ஒவ்வோர் ஆண்டும் நம் ஊர்களில் ஒரே வகையான கணக்கெடுப்பு நடைபெறுகின்றது. வைத்தியத்துக்கு எத்தனை பேர், பொறியியலுக்கு எத்தனை பேர் என்று பாடசாலைகள் எண்ணுகின்றன, ஊர்ச் சங்கங்கள் எண்ணுகின்றன, பத்திரிகைகளும் எண்ணுகின்றன. இவ்விரண்டில் ஒன்றில் இடங்கிடைத்த பிள்ளையின் படம் சந்தியிலே தொங்குகின்றது. கலைப்பீடத்துக்குத் தெரிவான பிள்ளையை எவரும் எண்ணுவதில்லை. "வேறொன்றும் கிடைக்கவில்லையோ?" என்று அயலவர் கேட்கும் கேள்விதான் அப்பிள்ளைக்குக் கிடைக்கும் மாலை மரியாதை.

வைத்தியரும் பொறியியலாளரும் வேண்டாமென்று நாம் சொல்ல வரவில்லை. அவர்கள் இன்றி ஒரு சமூகம் வாழாது. ஆயினும், நோய் தீர்க்கவும் பாலம் கட்டவும் மாத்திரம் தெரிந்த ஒரு சமூகம், தன் விதியைத் தீர்மானிக்கும் மேசையிலே தனக்கோர் ஆசனம் இல்லாததைக் கண்டு ஒரு நாள் திகைத்து நிற்கும். அந்த மேசையில் பேசப்படுவது மருந்தும் அன்று, சீமெந்தும் அன்று. சட்டம், ஒப்பந்தம், கடன், எல்லை, மொழி, சமயம், சரித்திரம் என்பனவே அங்கு பேசப்படுகின்றன.

உலக நாடுகளின் அரசியலையும் வாணிபத்தையும் வழக்காற்றையும், இத்தீவிலே நம்மோடு வாழும் பிற சமூகத்தாரின் மொழியையும் வாழ்வையும் பல்கலைக்கழகத்தில் முறையாகக் கற்பது, ஓய்வுள்ளவர்களின் பொழுதுபோக்கு என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. பெரிய இனங்கள் அவ்வாறு எண்ணலாம். அவற்றின் அறியாமைக்குப் பிறர் விலை கொடுப்பர். சிறிய இனத்தின் அறியாமைக்கு அவ்வினமே விலை கொடுக்கும். நாம் கொடுத்த விலைகள் கொஞ்சமல்ல.

பசளை மூட்டைக்குள் உலகம்

கமக்காரன் வீட்டுக்கு உலக விவகாரம் எதற்கு என்று கேட்போர் உளர். அவர்கள் 2021ஆம் ஆண்டை மறந்திருக்கமாட்டார்கள். அவ்வாண்டு மே மாதம் 6ஆம் திகதி வர்த்தமானியில் வெளியான ஓர் ஒழுங்குவிதி, இரசாயனப் பசளையும் பீடைநாசினியும் நாட்டுக்குள் வருவதைத் தடுத்தது. அதை எழுதியவர்கள் வயலைக் கேட்டு எழுதவில்லை. அந்தக் காலபோகத்தில் கிளிநொச்சியிலும் அம்பாறையிலும் அநுராதபுரத்திலும் பயிர்கள் ஒரே விதமாக வாடின. தடையை நவம்பரில் நீக்கினார்கள். ஆனால் போகம் அரசாங்கத்தின் மனமாற்றத்துக்காகக் காத்திருக்கவில்லை. விளைச்சல் பெரிதும் வீழ்ந்தது.

இதனிடையே சேதனப் பசளை ஏற்றிய கப்பலொன்று சீனாவிலிருந்து வந்தது. அதன் மாதிரியிலே பயிருக்குத் தீங்கு தரக்கூடிய நுண்ணுயிர் உண்டென்று நம் அரசின் தாவரப் பரிசோதனைப் பிரிவினர் அறிவித்தனர். பசளை இறக்கப்படவில்லை. பணம் கொடுக்கக் கூடாதென்று கொழும்பு வணிக மேல் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. பணத்துக்குப் பொறுப்பேற்று நாணயக் கடிதம் கொடுத்திருந்த அரச வங்கியைச் சீனத் தூதரகம் கறுப்புப் பட்டியலிற் சேர்த்தது. ஈற்றில் என்ன நடந்தது? ஒரு மூட்டை பசளைதானும் வயலுக்கு வராமலே, 2022 ஜனவரியில் ஏறக்குறைய 67 இலட்சம் அமெரிக்க டொலர் இந்நாட்டு மக்களின் பணத்திலிருந்து கொடுத்துத் தீர்க்கப்பட்டது.

இந்த ஒரு கப்பலின் கதையை விளங்கிக்கொள்ள எத்தனை வகைக் கல்வி வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். நாணயக் கடிதம் என்றால் என்ன, பொருள் பழுதென்றாலும் வங்கி ஏன் பணத்துக்குக் கட்டுப்படுகின்றது என்பது சர்வதேச வாணிபச் சட்டம். எந்த அளவு கிருமி இருந்தால் ஒரு நாடு பொருளைத் திருப்பி அனுப்பலாம் என்பது நாடுகளுக்கிடையிலான உடன்படிக்கை. சீன அரசு தன் கம்பனிக்காக எவ்வளவு தூரம் வாதாடும், எப்போது விட்டுக்கொடுக்கும் என்பது சீனரின் அரசியலையும் வாணிப மரபையும் அறிந்தவருக்கே தெரியும். இவையனைத்தையும் சேர்த்துப் படித்த பத்துப் பேர் நம் மாவட்டங்களில் இருந்து, அவர்கள் தமிழிலே கமக்காரர் சங்கங்களுக்கு எடுத்துச் சொல்லியிருந்தால், கப்பல் திரும்பியிராது என்று நாம் சொல்லவில்லை. ஆனால், நடப்பது இன்னதென்று தெரிந்து மக்கள் குரல் எழுப்பியிருப்பார்கள். தெரியாமல் அழுவது வேறு. தெரிந்து வழக்காடுவது வேறு.

இது புதிய கதையுமன்று. 1970 முதல் 1977 வரை வெங்காயமும் மிளகாயும் வெளிநாட்டிலிருந்து வருவது கட்டுப்படுத்தப்பட்டபோது யாழ்ப்பாணத்துத் தோட்டங்களும் வன்னிக் குடியேற்றங்களும் செழித்தன. வீடுகள் கல்வீடாயின, பிள்ளைகள் படித்தார்கள். 1977இல் ஆட்சி மாறிச் சந்தை திறந்துவிடப்பட்டதும் அந்தச் செழிப்பு ஆட்டங்கண்டது. கமக்காரனின் மண்வெட்டி மாறவில்லை, கிணறு மாறவில்லை, உழைப்பும் குறையவில்லை. மாறியது உலகச் சந்தைக்கும் இந்நாட்டுக்கும் இடையிலான கதவு. அந்தக் கதவை எவர் திறக்கின்றார், எவர் அடைக்கின்றார், எந்த உடன்படிக்கையின் கீழ் என்பதைப் படிப்பதே உலக விவகாரக் கல்வி. 2022 ஏப்பிரல் 12ஆம் திகதி, தன் வெளிநாட்டுக் கடனைத் தற்காலிகமாகக் கொடுக்கமுடியாதென்று இலங்கை அறிவித்தபோது, அக்கடன்பத்திரங்களிற் பெரும்பகுதி நியூயோர்க் மாநிலச் சட்டத்துக்கு உட்பட்டவை என்ற செய்தி நம்மிற் பலருக்குப் புதினமாயிருந்தது. புத்தூரில் வெங்காயம் நடுபவன் நியூயோர்க் சட்டத்தின் நிழலில் நடுகின்றான். அவனுக்கு இதைச் சொல்லுவதற்கு யாருமில்லாதிருப்பது அவனுடைய குற்றமன்று. படித்தவர்களாகிய நம்முடைய குறை.

ஓர் எழுதுவினைஞரின் சம்பள உயர்வு

கமத்தை விட்டு உத்தியோகத்துக்கு வருவோம். கச்சேரியிலே எழுதுவினைஞராயிருந்த கோடீஸ்வரன் என்னும் தமிழர், சிங்கள மொழிப் பரீட்சையிலே தேறவில்லை என்ற காரணத்தால் தமது வருடாந்தச் சம்பள உயர்வை இழந்தார். 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கியிருந்தது. அச்சட்டம் அரசியல் யாப்பின் 29ஆம் பிரிவுக்கு முரணானது என்று அவர் வழக்குத் தொடுத்தார். 1964இல் கொழும்பு மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 1967இல் உயர் நீதிமன்றம், அரச ஊழியன் தன் சம்பளத்துக்காக முடிக்குரிய அரசின்மேல் வழக்குத் தொடுக்க உரித்தில்லை என்று கூறி அத்தீர்ப்பைத் தள்ளியது. வழக்கு இலண்டனிலிருந்த கோமறைக் கழகத்துக்குப் போயிற்று. 1969 டிசம்பரிலே அக்கழகம், அரச ஊழியன் வழக்குத் தொடுக்கலாம் என்று தீர்த்து, மொழிச்சட்டம் யாப்புக்கு முரணா என்னும் வினாவை மீண்டும் இங்குள்ள உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பியது. அவ்வினாவுக்கு விடை கிடைக்கவில்லை. 1972இல் வந்த புதிய யாப்பு 29ஆம் பிரிவையே இல்லாமற் செய்துவிட்டது.

இவ்வழக்கின் அரசியலை நம் மேடைகள் அடிக்கடி பேசியிருக்கின்றன. அதன் கல்வியைப் பேசியவர் குறைவு. இலங்கை அரச ஊழியன் ஒருவனுடைய சம்பள உரித்தைத் தீர்ப்பதற்கு, இங்கிலாந்துச் சட்டத்துக்கு அப்பால், ஒல்லாந்தர் இத்தீவுக்குக் கொண்டுவந்த உரோம-டச்சுச் சட்டத்தையும், பிரித்தானியர் இங்கு ஆண்ட முறையையும் ஆராயவேண்டியதாயிற்று. பிற நாகரிகங்களின் சட்டத்தையும் சரித்திரத்தையும் கரைத்துக் குடித்தவர்களாற்றான் ஓர் எழுதுவினைஞரின் மாதச் சம்பளத்துக்காக வாதாட முடிந்தது. "ஒப்பியற் சட்டம்", "காலனித்துவ வரலாறு" என்று பாடவிதானத்தில் எழுதப்பட்டிருக்கும்போது அவை வெறும் பெயர்களாகத் தோன்றும். வழக்கு வரும்போது அவை வாளும் கேடயமுமாகின்றன.

இன்றும் நிலைமை அதுவே. காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார் வீதியோரத்திலே வைத்திருக்கும் படங்களுக்கும், ஜெனீவாவிலே மனித உரிமைகள் பேரவையில் நிறைவேறும் தீர்மானங்களுக்கும் இடையிலுள்ள தூரத்தைக் கடப்பவர் யார்? 2015ஆம் ஆண்டின் தீர்மானத்திலே என்ன சொல் இருந்தது, 2021இல் அச்சொல் எவ்வாறு மாறியது, அம்மாற்றத்தால் அத்தாய்க்கு என்ன கிடைத்தது, என்ன கிடைக்கவில்லை என்பதை அவளுக்கு அவளுடைய மொழியிலே சொல்லக்கூடியவர்கள் எத்தனை பேர்? சுவிற்சர்லாந்தின் நான்கு மொழிகள், பின்லாந்துக்குரிய ஒலாந்துத் தீவுகளுக்கு 1921இல் நாடுகளின் சங்கம் வகுத்த ஏற்பாடு, இத்தாலியின் வடக்கிலே ஜெர்மன் மொழி பேசுவோர் 1972இல் பெற்ற விரிந்த சுயாட்சி என்பவற்றை நம் பேச்சாளர் பெயர் சொல்லிப் போவதுண்டு. அவை எவ்வாறு உண்டாயின, எங்கே இடறின, எத்தனை ஆண்டு சென்றன என்று ஆராய்ந்து தமிழிலே நூல் எழுதுவதற்கு ஒரு தலைமுறை மாணவரை நாம் ஆயத்தப்படுத்தியிருக்கின்றோமா?

உலகைத் தமிழில் வாசித்தவர்கள்

இக்கல்வி நமக்கு அந்நியமானதன்று. 1823இலே தொடங்கி 1855 வரை நடந்த வட்டுக்கோட்டைச் செமினறியில் தமிழும் சமஸ்கிருதமும் ஆங்கிலமும், மேலைக் கணிதமும் வானசாத்திரமும் ஒருங்கே கற்பிக்கப்பட்டன. அங்கே படித்த சி. வை. தாமோதரம்பிள்ளை, தம் ஆசிரியர் விசுவநாதபிள்ளையுடன் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாய்த் தேறினார். மேனாட்டுக் கல்வி அவரைத் தமிழிலிருந்து பிரித்ததா? தொல்காப்பிய உரையையும் கலித்தொகையையும் ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்த முன்னோடி அவரேயன்றோ!

1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயிலே மேலை வைத்தியம் போதித்தார். ஆங்கிலத்தில் தொடங்கிய அப்போதனையை 1860களில் தமிழுக்கு மாற்றினார். தாமும் தம் மாணவரும் சேர்ந்து 4,000 பக்கங்களுக்கு மேற்பட்ட வைத்திய நூல்களைத் தமிழாக்கினர். பெயரில்லாத உறுப்புக்கும் நோய்க்கும் தமிழ்ப் பெயர் தேடினர். தமிழருக்கு வைத்தியப் பணி செய்தவர் என்றே தம் கல்லறையில் பொறிக்கவேண்டுமென்று அவர் கேட்டுக்கொண்டார். ஒரு பிறநாட்டவர் நம் மொழியைக் கற்றதால் நம் ஊரவர் உலக வைத்தியத்தைக் கற்றனர். இரு பண்பாடுகள் சந்திக்கும்போது விளையும் பயன் இதுவே. ஒன்று மற்றதை விழுங்குவதன்று.

நம் காலத்துக்கு அண்மையில் வந்தவர் தனிநாயகம் அடிகள். 1913இல் ஊர்காவற்றுறைப் பகுதியிலே பிறந்து, உரோமாபுரியிலே இறையியலும், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலே தமிழும், இலண்டனிலே கல்வியியலும் கற்றவர். ஐரோப்பிய மொழிகள் பலவற்றை அறிந்திருந்தமையாற்றான், போர்த்துக்கல்லிலும் வத்திக்கானிலும் உறங்கிக்கிடந்த பழைய தமிழ் அச்சுநூல்களின் பெறுமதியை அவரால் உணர முடிந்தது. 1679ஆம் ஆண்டின் தமிழ்-போர்த்துக்கேய அகராதியை 1966இல் மீள வெளியிட்டார். 1952இலே "தமிழ்க் கலாசாரம்" என்னும் பொருள்படும் பெயரோடு ஆங்கில முத்திங்கள் ஏட்டைத் தொடங்கினார். 1964இல் டெல்லியிலே அனைத்துலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவாகவும், 1966இல் கோலாலம்பூரில் முதல் மாநாடு கூடவும் முன்னின்றார். உலகத்தைக் கற்றிராவிட்டால் தமிழை உலகத்தின் முன் நிறுத்தியிருக்க அவரால் இயலாது. தமிழை மாத்திரம் புகழ்ந்துகொண்டிருந்தவர்கள் அவர் காலத்திலும் பலர் இருந்தனர். அவர்கள் புகழ்ச்சி அவர்களுடைய மண்டபங்களுக்கு அப்பால் கேட்கவில்லை.

ஒரே கூரை, வெவ்வேறு அறைகள்

தொலைவிலுள்ள உலகைப் படிப்பதிலும் பார்க்க, அடுத்த வீட்டைப் படிப்பது கடினம். இதை நாம் ஒளிக்காமற் சொல்லவேண்டும்.

1942இலே இலங்கைப் பல்கலைக்கழகம் தொடங்கியபோது எல்லா மாணவரும் ஆங்கிலத்தில் ஒன்றாகப் படித்தனர். அவர்கள் மிகச் சிலர். பெரும்பாலும் வசதி படைத்த வீட்டுப் பிள்ளைகள். 1960 தொடக்கம் கலைப்பீடத்திலே சிங்களமும் தமிழும் போதனாமொழிகளாயின. கிராமத்துப் பிள்ளை பல்கலைக்கழக வாயிலுக்குள் நுழைந்தது அந்த மாற்றத்தாற்றான். அதை எவரும் குறைசொல்ல இயலாது. ஆனால், சேர்ந்து படித்த மண்டபம் இரண்டானது. ஒரே வளவில், ஒரே பாடத்தை, ஒருவர் முகத்தை ஒருவர் பாராமற் படிக்கும் வழக்கம் வேரூன்றியது. தாய்மொழியிலே படிப்பது உரிமை. அயல்மொழியை அறியாமலே பட்டம் பெறுவது அவ்வுரிமையின் பகுதியன்று. இவ்விரண்டையும் ஒன்றென மயங்கியதே பிழை.

அதன் பலனை 2016 யூலையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலே கண்டோம். விஞ்ஞானபீடப் புதுமுக மாணவரின் வரவேற்பிலே கண்டிய நடனம் இடம்பெறுவது பற்றி எழுந்த பிணக்குக் கைகலப்பாகி, மாணவர் காயமடைந்து, வகுப்புக்கள் நிறுத்தப்பட்டன. யார் முதலிற் கையோங்கினார் என்ற விசாரணையை நாம் இங்கு நடத்தவில்லை. கேட்கவேண்டிய கேள்வி வேறொன்று. இரசாயனமும் பௌதிகமும் ஒரே ஆய்வுகூடத்திற் கற்ற அம்மாணவருக்கு, போர் நடந்த மண்ணிலே ஒரு மேளம் ஒருவனுக்கு மரியாதையாகவும் மற்றவனுக்கு வெற்றி முழக்கமாகவும் கேட்கும் என்பதைப் போதித்தவர் யார்? அந்தப் பாடம் எந்தப் பீடத்தின் விதானத்திலும் இருந்திருக்கவேண்டும். இல்லாதபடியால் அது முற்றத்திலே கற்களாற் கற்பிக்கப்பட்டது.

அயலாரைக் கற்பதற்கு முன்மாதிரியும் நம்மிடமே உண்டு. இலங்கைப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் கற்பித்த ஸ்ரான்லி தம்பையா என்னும் தமிழர், கண்டிப் பகுதிச் சிங்களக் கிராமங்களின் நிலத்தையும் குடும்பத்தையும் வறுமையையும் ஆராய்ந்தார். 1956 யூனில், சிங்கள மாணவரும் தமிழ் மாணவரும் சேர்ந்த குழுவொன்றோடு கல்லோயாக் குடியேற்றத்தில் ஆய்வு செய்துகொண்டிருந்தபோதே அங்கு இனக்கலவரம் மூண்டது. பின்னர் அவர் தாய்லாந்தின் பௌத்தத்தை ஆராய்ந்து, கேம்பிரிட்ஜிலும் சிக்காகோவிலும் ஹார்வர்ட்டிலும் கற்பித்து, உலகின் முதல்வரிசை மானிடவியலாளருள் ஒருவராக 2014இல் மறைந்தார். 1983இன் கொடுமைக்குப் பின், இந்நாட்டின் இனப்பகையைப் பற்றி அவர் எழுதியபோது உலகம் செவிசாய்த்தது. ஏன்? சிங்களக் கிராமத்தையும் பௌத்த விகாரையையும் உள்ளே சென்று கற்றவர் பேசுகிறார் என்பதால். அறியாதவன் சாட்டும் குற்றத்தைத் தூற்றல் என்று தள்ளிவிடலாம். அறிந்தவன் சாட்டும் குற்றத்துக்கு விடை சொல்லியே ஆகவேண்டும்.

அயலார் என்போர் தெற்கில் மாத்திரம் இல்லை. பாக்கு நீரிணைக்கு அப்பாலுள்ளவரும் அயலாரே. மொழி ஒன்று; கடற்சட்டம் இரண்டு. 1974இலும் 1976இலும் இந்தியாவும் இலங்கையும் கடலெல்லை வகுத்தன. இழுவைமடித் தொழிலை இலங்கைச் சட்டம் 2017இலே தடைசெய்தது. நம் மீனவரின் வலை அறுபடும்போது, "தொப்புள்கொடி உறவு" என்னும் சொல் அதைப் பொருத்தித் தராது. தமிழ்நாட்டு மீன்பிடியின் பொருளாதாரத்தையும், அங்குள்ள மீனவரின் கடன்சுமையையும், இரு நாட்டுச் சட்டத்தையும் கற்றவர்களே இரு கரைக்கும் ஏற்ற வழி காட்டமுடியும்.

மூன்று ஆட்சேபங்கள்

முதலாவது: "சிங்களம் படி என்று 1956இல் அவர்கள் சொன்னதை எதிர்த்தோம், இப்போது நாமே படிக்கச் சொல்வதா?" இவ்வாட்சேபத்தின் பின்னே மானம் இருக்கின்றது; ஆகவே மரியாதையோடு மறுமொழி சொல்கின்றோம். உத்தியோகத்தைப் பறிப்போம் என்று பயமுறுத்தித் திணிக்கும் மொழி நுகத்தடியாகும். தானே விரும்பிக் கற்கும் மொழி கைக்கருவியாகும். சட்டத்திலே சம்மதம் ஒன்றே ஒரே செயலைக் கொடையாகவும் கொள்ளையாகவும் வேறுபடுத்துகின்றது. மேலும், 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியிருக்கின்றது. அத்திருத்தம் எழுத்தில் உள்ள அளவுக்குக் கந்தோர்களில் இல்லை. சிங்களச் சுற்றறிக்கையை வாசித்து, "இது யாப்புக்கு விரோதம்" என்று அவ்விடத்திலேயே சுட்டிக்காட்டக்கூடிய தமிழனே தமிழின் உரித்தைக் காப்பவன். அதுபோலவே, யாழ்ப்பாணத்திலும் வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் வந்து படிக்கும் சிங்கள மாணவர் தமிழ் கற்காமற் பட்டத்தோடு திரும்புவதும் குறைபாடே. கற்றல் இருவழிப் பாதையாய் இருக்கட்டும்.

இரண்டாவது: "பிறர் பண்பாட்டைக் கற்றால் நம் பிள்ளை நம் பண்பாட்டை விட்டுவிடும்." இதற்கு ஆறுமுக நாவலரின் வாழ்வே விடை. பேர்சிவல் பாதிரியாரின் பாடசாலையிலே கற்று, கற்பித்து, விவிலிய மொழிபெயர்ப்பிலும் துணைநின்றவர் அவர். அங்கே பிரசங்கத்தின் வலிமையைக் கண்டார். அச்சியந்திரத்தின் வலிமையைக் கண்டார். வகுப்பாகப் பிரித்துக் கற்பிக்கும் பாடசாலையின் வலிமையைக் கண்டார். 1848இலே வண்ணார்பண்ணையிற் சைவப் பாடசாலை நிறுவினார். மறு ஆண்டு சென்னைக்குச் சென்று அச்சியந்திரம் கொண்டுவந்தார். மாற்றாரை நுணுகிக் கற்றவரே தம் சமயத்தை வலுவாக நிறுத்தினார். வேர் ஆழமாயிருந்தால் கிளை எத்திசைக்கும் போகலாம்.

மூன்றாவது: "இதற்கு உத்தியோகம் உண்டா?" கலைப் பட்டதாரிகள் வேலை கேட்டுக் கச்சேரி வாசலில் அமர்ந்திருந்த காட்சிகளைக் கண்ட பெற்றோர் இதைக் கேட்பது நியாயமே. ஆனால், அவர்களைக் கைவிட்டது கலைக்கல்வி அன்று. குறிப்பேட்டை மனனஞ்செய்து ஒரு மொழியோடு முடிந்துபோன கல்வியே. மூன்று மொழிகளில் வாசித்து, இரண்டு மொழிகளில் எழுதி, ஓர் ஒப்பந்தத்தை அலசி, ஒரு கிராமத்தின் கணக்கை ஆராய்ந்து அறிக்கை எழுதத் தெரிந்தவரை நீதிமன்றமும் வங்கியும் ஏற்றுமதிக் கம்பனியும் தூதரகமும் பத்திரிகையும் தேடுகின்றன. அரச சேவையில் சேர்வோர் மற்றைய அரசகரும மொழியிலும் தேர்ச்சி பெறவேண்டும் என்னும் சுற்றறிக்கை 2007இலேயே வந்துவிட்டது. புலம்பெயர்ந்த நம் உறவினர் வாழும் நாடுகளின் சட்டமும் மொழியும் அறிந்தவருக்கு வேறு வாயில்களும் உண்டு.

செய்யவேண்டியவை

குறைசொல்லி ஓய்வது நம் நோக்கமன்று. நாம் கேட்பவை இவை.

முதலில், வடக்கு கிழக்கிலுள்ள கலைப்பீடங்கள், தம் மாணவர் எப்பாடம் எடுப்பினும், உலகையும் அயலாரையும் பற்றிய ஒரு பாடநெறியை ஈராண்டேனும் கட்டாயமாக வைக்கட்டும். அது உலகப் படத்தை விரித்துத் தொடங்காமல், ஊரில் உள்ள ஒரு பொருளிலிருந்து தொடங்கட்டும். ஒரு வெங்காயம், ஒரு படகு, ஒரு காணி உறுதி, ஒரு கடன்பத்திரம் எதுவாயினும் சரி. அதன் நூலைப் பிடித்துக்கொண்டு போனால் ஜெனீவாவும் பீக்கிங்கும் டெல்லியும் தாமாகவே வந்து சேரும்.

அடுத்து, மொழி. தமிழிலே பிழையற எழுதவும், சிங்களத்திலே பேசவும் ஆவணம் வாசிக்கவும், ஆங்கிலத்திலே நூல் கற்கவும் தெரியாத எவரும் இப்பாடத்திற் சித்தியடையக் கூடாது. தெற்கிலுள்ள பல்கலைக்கழகங்கள் தம் மாணவருக்குத் தமிழை அதே அளவிற் கற்பிக்கவேண்டுமென்று நாம் உரத்துக் கேட்கும் தகுதியும் அப்போது நமக்கு உண்டாகும். சிலரேனும் சீனம், அரபு, பிரெஞ்சு, ஜெர்மன் ஆகியவற்றுள் ஒன்றைக் கற்க உதவிப்பணம் வேண்டும்.

மூன்றாவதாக, கிறீன் வைத்தியருடைய மாணவர் அன்று செய்த பணியை நம் மாணவர் இன்று தொடரட்டும். இறுதியாண்டு மாணவர் ஒவ்வொருவரும் ஓர் உடன்படிக்கையை, ஒரு தீர்ப்பை, ஓர் அறிக்கையைத் தெளிந்த தமிழிலே தந்துவிட்டே பட்டம் பெறுக. பத்தாண்டில் ஒரு நூலகம் உருவாகும். 1981இல் எரிந்த நூலகத்தின் நினைவைப் போற்றுவதற்கு அதனினும் சிறந்த வழி எது?

சட்டத்தரணிகள், கணக்காளர்கள், வைத்தியர்கள், ஆசிரியர்கள் ஆகிய உத்தியோகத்தரிடம் நாம் வேண்டுவது: மாதத்தில் ஒரு மாலைப்பொழுதை இம்மாணவருக்குத் தாருங்கள். நூலிலே இல்லாத நடைமுறை உங்களிடம் இருக்கின்றது. கமக்காரப் பெருமக்களிடம் வேண்டுவது: உங்கள் சங்கக் கூட்டத்துக்கு இம்மாணவரை அழையுங்கள். விலை ஏன் விழுந்தது, எந்த நாட்டிலிருந்து எது வருகின்றது, எந்த ஒப்பந்தத்திற் கையெழுத்திடலாம், எதிலே கூடாது என்று அவர்களைக் கேளுங்கள். விடை தெரியாவிட்டால் தேடிக்கொண்டு வரச் சொல்லுங்கள். அவ்வாறு கேட்கும் மக்கள் இருந்தாற்றான் கல்வி சோம்பாது.

பெற்றோரிடம் ஒரே ஒரு வேண்டுகோள். மூளையுள்ள பிள்ளை ஒன்று, "நான் உலக அரசியல் படிக்கப்போகிறேன், சிங்களம் கற்கப்போகிறேன், சட்டமும் சரித்திரமும் படிக்கப்போகிறேன்" என்று சொல்லும்போது தடுக்காதீர்கள். நம்மைப் பற்றிய முடிவுகள் நாம் அறியாத மொழிகளில், நாம் வாசியாத சட்டங்களின் கீழ், நாம் இல்லாத அறைகளில் எழுதப்பட்டுவந்தன. அவ்வறைகளுக்குட் சென்று, எழுதப்படுவதை வாசித்து, பிழையைத் திருத்தி, திரும்பிவந்து தமிழிலே நமக்குச் சொல்லப்போகிறவர் அந்தப் பிள்ளையே. அடுத்த பெறுபேறு வெளியாகும்போது அவருடைய படமும் சந்தியிலே தொங்கட்டும்.